பழுதான ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? வணிகர்களுக்கு ஒரு பாடம்



பேரேடும் நாள்வழியும் இருந்த இடத்தில் இன்று நம் கடைகளில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இராஜபாளையத்தில் நூல், பேண்டேஜ் துணி வியாபாரம் செய்பவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருப்பவர்கள், இரண்டு ஊரிலும் உள்ள மளிகை மொத்த வியாபாரிகள் ஆகிய எல்லோருடைய சரக்கு இருப்பும், வெளியூர்ப் பாக்கியும், ஜி.எஸ்.டி. கணக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதற்குள்ளே உள்ளங்கை அளவில் இருப்பது ஹார்ட் டிஸ்க். எந்த இயந்திரத்துக்கும் ஆயுள் உண்டு. இதற்கும் உண்டு.

பழுதான டிஸ்க்கை நம்மில் பலர் இரண்டில் ஒன்று செய்கிறோம். மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறோம். அல்லது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுகிறோம். இரண்டும் சரியல்ல. டிஸ்க் பழுதானால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. உள்ளே இருப்பதை மீட்க வேண்டுமா? சட்டப்படி அதை வைத்திருக்க வேண்டுமா? உள்ளே இருப்பதை எப்படி அழிப்பது? கடைசியில் யாரிடம் கொடுப்பது? இந்த வரிசை முக்கியம். நான்காவதை முதலில் செய்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் வழியில்லை.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது?

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ரமாக்' என்ற கம்ப்யூட்டரில்தான் முதன்முதலாக ஹார்ட் டிஸ்க் வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவிலும் ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத்தான் எழுதி வைக்க முடிந்தது. இன்று கடைத்தெருவில் கிடைக்கும் ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்ளும்.

உருவம் சுருங்கினாலும் வேலை செய்யும் விதம் அதேதான். அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன தட்டின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். அதன்மேல் படாமல், தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், எழுதவும் படிக்கவும் ஒரு முனை மிதந்துகொண்டிருக்கும். கிராமபோன் தட்டில் ஊசி உரசும். இதில் உரசவே கூடாது. உரசினால் பூச்சு பெயரும். பூச்சில்தான் நம் கணக்கு இருக்கிறது.

இது புரிந்தால், டிஸ்க் ஏன் கெடுகிறது என்பதும் புரியும். ஓடும்போது கீழே விழுவது, மின்சாரம் விட்டு விட்டு வருவது, வெப்பம் ஆகிய மூன்றும் முதல் எதிரிகள். 2012-ல் நம் மாவட்டங்கள் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. பஞ்சும் நூலும் கையாளும் இடங்களில் கம்ப்யூட்டரின் விசிறியில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். காற்று போகாமல் பெட்டி சூடேறும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து துடைப்பது பெரிய வேலையல்ல.

முதல் ஒரு மணி நேரம்

ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாசலில் கூட்டம். பதற்றத்தில் கை பல வேலை செய்யும். ஆனால் அப்போது செய்வதை விட, செய்யாமல் இருப்பதுதான் நம் கணக்கைக் காப்பாற்றும்.

1. காது கொடுத்துக் கேட்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று விடாமல் சத்தம் வந்தாலோ, உரசும் சத்தம் வந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். முனை கெட்டுப்போன அடையாளம் அது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தட்டு இன்னும் கொஞ்சம் தேயும்.

2. சத்தம் இல்லை, கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் காட்டவும் இல்லை என்றால் முதலில் கேபிளையும் மின்சப்ளைப் பெட்டியையும் மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். டிஸ்க் கெட்டது என்று சொல்லப்படுவதில் சில சமயம் குற்றம் கேபிளில்தான் இருக்கும்.

3. ஓடுகிறது, ஆனால் சில பைல்கள் திறக்கவில்லை என்றால், அந்த டிஸ்க்கிலேயே சரிசெய்யும் புரோகிராம்களை ஓட்டக் கூடாது. முதலில் இன்னொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும்.

4. மூடியைத் திறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று முனைக்கும் தட்டுக்கும் நடுவில் புகுந்தாலே போதும். தட்டிப் பார்ப்பதும், ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாரோ சொன்னதை நம்புவதும் வேண்டாம். குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும்.

5. 'அடியிலிருக்கும் பச்சைப் பலகையை மட்டும் மாற்றினால் போதும்' என்பது பழைய டிஸ்க்குகளுக்குப் பொருந்தியது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுக் குறிப்புகள் பலகையிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும். வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டினால் பெரும்பாலும் ஓடாது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னை பட்டது. 2023 டிசம்பரில் நமக்குத் தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் பட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தண்ணீர் வடிந்ததும் கம்ப்யூட்டரை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அது கூடாது. காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தகவல் மீட்பவரிடம் அப்படியே கொடுப்பதுதான் முறை.

மீட்க வேண்டுமா, வேண்டாமா?

மீட்பது செலவு பிடிக்கும் வேலை. தூசியில்லாத அறையில் தட்டையும் முனையையும் கையாள வேண்டும். அதனால் செலவுக்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். டிஸ்க்கில் இருந்ததில் எது வேறு இடத்தில் கிடைக்கும்?

நாம் தாக்கல் செய்த விற்பனை விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கிறது. நமக்குச் சரக்கு அனுப்பியவர்கள் பதிவு செய்த கொள்முதல் விவரமும் அங்கே கிடைக்கும். வரவு, பட்டுவாடா பேங்க் ஸ்டேட்மெண்டில் இருக்கிறது. ஆடிட்டரிடம் சென்ற வருடம் வரையிலான கணக்கு இருக்கும். இவற்றை வைத்துப் பாதிக் கணக்கை மறுபடி எழுதிவிடலாம்.

எழுத முடியாதது சில்லறைக் கடைக்காரர்களின் பாக்கி. சரக்கு கொடுத்த தேதி, அவ்வப்போது ரொக்கமாக வந்த வரவு, திரும்பி வந்த மூட்டை, கழித்துக் கொடுத்த தொகை ஆகியவை நம் டிஸ்க்கைத் தவிர எங்கும் இல்லை. தவணை குறிப்பிடாமல் விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போடக் காலவரம்புச் சட்டப்படி மூன்று வருடம்தான் உண்டு. தேதி தெரியாமல் போனால் பாக்கியும் போனதுபோலத்தான். ஆகவே பாக்கித் தொகை பெரிதென்றால் மீட்கக் கொடுப்பது லாபம். வேறு இடத்தில் கிடைக்கும் கணக்கு மட்டும்தான் என்றால் அந்தச் செலவு வீண்.

மீட்கக் கொடுக்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். சோதித்த பிறகு மொத்தச் செலவு எவ்வளவு; தகவல் கிடைக்காவிட்டால் கூலி உண்டா; பார்த்த தகவலை வெளியில் விடமாட்டோம் என்ற உறுதி; பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவதாக வாக்கு. நாலாவதைப் பலரும் கேட்பதில்லை. புது டிஸ்க் மாட்டிவிட்டுப் போகும் மெக்கானிக்கின் பையிலேயே பழைய டிஸ்க்கும் போய்விடுகிறது. வாரண்டியில் மாற்றும்போதும் கெட்ட டிஸ்க் கம்பெனிக்குப் போய்விடும். புது டிஸ்க்கின் விலை பெரிதா, உள்ளே இருக்கும் கணக்கு பெரிதா என்று யோசித்துத்தான் வாரண்டி கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஒரு வருடத்துக் கணக்கை அதன் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்கு அந்தக் கடைசித் தேதி 31-12-2024. ஆகவே 31-12-2030 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருடம் வரையோ மேற்படி காலம் வரையோ, எது பிந்தியதோ அதுவரை.

கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவருக்கு 57-ஆம் விதி இன்னொரு கடமையும் வைத்திருக்கிறது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மறுபடி எடுக்கும் வகையில் மாற்றுப் பிரதி வைத்திருக்க வேண்டும் என்பது அது. ஆக, 'டிஸ்க் போய்விட்டது சார்' என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

வழக்கோ வரி விசாரணையோ நிலுவையில் இருந்தால், அதற்குச் சம்பந்தப்பட்ட டிஸ்க் ஓடாததானாலும் வக்கீலைக் கேட்காமல் அழிக்கக் கூடாது. உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, பூட்டி வைக்க வேண்டும். கேட்கும் நேரத்தில் அழித்துவிட்டோம் என்றால் உள்நோக்கம் கற்பிப்பார்கள்.

ஓடாத டிஸ்க்கிலும் கணக்கு இருக்கிறது

இங்கேதான் பெரும்பாலோர் தவறாக நினைக்கிறோம். நம் கம்ப்யூட்டர் படிக்காத டிஸ்க்கை யாராலும் படிக்க முடியாது என்று எண்ணுகிறோம். மீட்பவர் காசு வாங்கிக்கொண்டு படிப்பது அந்த ஓடாத டிஸ்க்கைத்தானே! நமக்காகப் படிப்பதுபோல் இன்னொருவருக்காகவும் படிக்க முடியும்.

மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் பழைய கணக்குத் தாள்கள் எடைக்குப் போய்ப் பொட்டலக் காகிதமாகத் திரும்பி வரும். கடலை தின்றுவிட்டுக் காகிதத்தைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய பாக்கி விவரம் தெரியும். அதில் போனது ஒரு பக்கம். இதில் போவது பத்து வருடப் பேரேடு. அதோடு வாடிக்கையாளரின் செல்போன் எண், ஆதார் நகல், வேலையாட்களின் சம்பளப் பட்டியல், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்து 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 129 ஓடின. பலவற்றில் முன்னாள் சொந்தக்காரரின் கடிதங்களும் கணக்குகளும் கிடைத்தன. 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் சிக்கின. முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனம் பழைய டிஸ்க்குகளை அப்புறப்படுத்தும் வேலையை அனுபவமில்லாத ஒரு சாமான் ஏற்றும் கம்பெனியிடம் விட்டது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவை ஏலத்துக்குப் போயின. 2022-ல் அந்த நிறுவனம் கட்டிய அபராதம் 3.5 கோடி டாலர்.

நம் நாட்டிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் விவரத்தைத் தக்க பாதுகாப்போடு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வைத்திருக்கிறார்கள். அபராதம் இருக்கட்டும். 'இந்தக் கடையில் கொடுத்த விவரம் வெளியில் போகிறது' என்ற பேச்சு எழுந்தால் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த நாணயம் என்னாவது?

கம்ப்யூட்டரில் மட்டும் டிஸ்க் இருப்பதாக நினைக்க வேண்டாம். கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியிலும், பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றிலும் உண்டு. அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகை ஜெராக்ஸ் இயந்திரங்களை டிஸ்க் துடைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

எப்படி அழிப்பது?

ஓடும் டிஸ்க்கானால், டெலீட் செய்வதோ 'குயிக் ஃபார்மட்' செய்வதோ போதாது. அது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போல. பக்கங்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்தவற்றில் 'குயிக்' என்பதை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். இன்றைய சுழலும் டிஸ்க்குக்கு ஒருமுறை எழுதினாலே போதும். முப்பது முறை எழுத வேண்டும் என்பது பழைய பேச்சு.

ஓடாத டிஸ்க்கில் எழுத முடியாது. உடைக்கத்தான் வேண்டும். மேலே சுத்தியலால் அடித்தால் உறை நசுங்கும், தட்டு தப்பிவிடும். ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்ப்பதாலும் பயனில்லை. சுலபமான வழி இது: அடியிலுள்ள பலகையைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை மூடியோடு லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், தட்டு இருக்கும் பகுதியில் மூன்று நான்கு துளைகள் மறுபக்கம் வரும்படி போட வேண்டும். லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம். மூடியோடு துளைத்தால் சில்லுகள் உள்ளேயே நிற்கும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். துளை போடும்வரை நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தட்டில்லாத 'எஸ்.எஸ்.டி.' வகையில் தகவல் இருப்பது கறுப்புச் சிப்புகளில். ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாக உடைக்க வேண்டும்.

எதையும் தீயில் போடக் கூடாது. பலகை எரியும் புகை நச்சு. பழைய பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. கண்மாய்க் கரையில் கொட்டி எரித்தால் அந்த ஈயம் கண்மாய்த் தண்ணீரில் சேரும். அதைக் குடிப்பது நம் ஆடு மாடுகள்தான். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தமும் விளையாட்டுப் பொருள் அல்ல. குழந்தை இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் போகக் கூடாது.

யாரிடம் கொடுப்பது?

2022-ல் அறிவிக்கப்பட்டு 1-4-2023 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இந்தக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்தான் கையாளலாம். அவற்றின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வருடத்தில் ஆயிரம் மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு இவர்களிடம் கொடுப்பது கட்டாயக் கடமை. நம் கடைகள் அந்த அளவுக்கு வரமாட்டா. ஆனாலும் இரண்டு டிஸ்க்கை இரும்புக் கடையில் போட்டுக் கிடைக்கும் சில்லறையால் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

இரண்டு டிஸ்க்குக்காக எந்த நிறுவனமும் வண்டி அனுப்பாது என்பது உண்மை. சங்கத்துக்கு வேலை இருப்பது இங்கேதான். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றோடு முன்பே பேசி, ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறிக்கலாம். அன்று உறுப்பினர்கள் துளையிட்ட டிஸ்க்குகளையும் பழைய பலகைகளையும் கொண்டுவந்து, நிறுவனத்தின் ஆளிடம் நேரில் கொடுத்து ரசீது பெறலாம்.

ஒவ்வொரு கடையிலும் இதற்கென ஒரு நோட்டு வேண்டும். டிஸ்க்கின் சீரியல் நம்பர், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது, பழுதான தேதி, உள்ளே என்ன கணக்கு, அழித்த தேதி, அழித்தவர், கொடுத்த இடம், ரசீது எண் என எட்டுக் கட்டங்கள் போதும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அந்த நோட்டுதான் நம் சாட்சி.

அடுத்த டிஸ்க் பழுதாகும் முன்

பிரிட்டனில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் டிஸ்க் 2013-ல் குப்பைக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. அந்தச் சாவிக்கு இன்னொரு பிரதி இருந்திருந்தால் அவருக்கு நீதிமன்ற வேலையே இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

கணக்குக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று கடைக் கம்ப்யூட்டரில். ஒன்று தினமும் இரவு எடுத்துவிட்டுக் கழற்றிப் பூட்டி வைக்கும் தனி டிஸ்க்கில். மாட்டியபடியே விட்டால், 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய 'வான்னாகிரை' போன்ற வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்றாவது வேறு ஊரில் இருப்பது நல்லது. இராஜபாளையத்துக் கடையின் பிரதி ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டு பீரோவிலும், அந்த ஊர்க் கடையின் பிரதி இங்கேயும் வாரம் ஒருமுறை மாறட்டும். பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம்தான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிரதியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாதம் ஒருநாள் அந்தப் பிரதியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு.

புது டிஸ்க் வாங்கும்போது பில்லோடு வாங்கி, அது ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் கணக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓடிய டிஸ்க்குகளைப் புதியவை என்று விற்றது 2025-ல் ஜெர்மனியில் அம்பலமானது. அந்த மணிக்கணக்கையே திருத்தும் ஆட்களும் உண்டு என்பதால், பழக்கமான கடையில் வாங்குவதே நல்லது.

வணிகப் பெருமக்களே! இந்த இதழை மூடி வைத்துவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய டிஸ்க் கிடந்தால் நோட்டில் முதல் வரியை இன்றே எழுதுங்கள். பாக்கிக் கணக்கு நம்முடையதாக இருக்கலாம். அதில் உள்ள பெயர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடையவை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சேகரிப்பு நாள் பற்றிப் பேசி முடிவெடுப்போம்.